பீரங்கிக்குச் சத்தம் போன நாள்

குடும்பத்தில் எல்லோரும் என்னை முசுடு என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்த புண்ணியவதி என் அக்கா. இரண்டு அறை நிறைய சர்வர்களை மேய்க்கிற உத்தியோகம் எனக்கு. முசுடாக இல்லாமல் வேறு எப்படி இருப்பதாம்?

அன்று காலையிலும் ஒரு சர்வரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவள் போன் செய்தாள். பீரங்கிக்குச் சத்தம் போய்விட்டது, உடனே வா என்றாள். பீரங்கி அவளுடைய லினக்ஸ் கம்ப்யூட்டர். முதன்முதலில் வாங்கிப் போட்ட மின்விசிறி போட்ட இரைச்சலில் அந்தப் பெயர் வந்தது. மின்விசிறி எத்தனையோ முறை மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. என்ன கமாண்ட் அடிக்க வேண்டும் என்று போனிலேயே சொல்கிறேன், எழுதிக்கொள் என்றேன். அதெல்லாம் முடியாது, நேரில் வா என்று வைத்துவிட்டாள்.

எனக்கு அதுவே விசித்திரமாக இருந்தது. லினக்ஸ் என்று ஒன்று இருப்பதை எனக்குக் காட்டியதே அவள்தான். எது கெட்டாலும் தானே நோண்டிச் சரிசெய்துவிட்டு, பிறகு எனக்குப் போன் செய்து பீற்றிக்கொள்கிற ரகம். நேரில் வா என்று அவள் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

ஆனால் அவசரத்தின் காரணம் எனக்குத் தெரியும். விசாரணைகளில் பதிவாகும் பேச்சைக் காதில் கேட்டு, எழுத்தில் அடித்துக் கொடுப்பதுதான் அக்காவின் தொழில். அத்தான் இறந்தபின் அந்தத் தொழிலும் பீரங்கியுமாகத் தனியாக இருக்கிறாள். வெளியூரில் வேலை பார்க்கிற மகள், என்னோடு வந்து இரு என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். இவளோ அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஓர் உடன்படிக்கைக்கு வந்திருந்தார்கள். வேலையைச் சொன்ன நேரத்துக்கு முடித்துக் கொடுக்கிற வரையில் அம்மா தன் வீட்டிலேயே இருக்கலாம். ஒரு தடவை தவறினாலும் வீட்டைப் பூட்டிச் சாவியை மகளிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த மகள் அன்று சாயங்காலம் வருவதாக இருந்தாள். பாதி அடித்த பதிவு ஒன்றும் அதே சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டியிருந்தது. சத்தம் இல்லாமல் எதைக் கேட்டு எதை அடிப்பாள்?

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளறையில் ஜன்னலை ஒட்டி அதே மேசை. மேசைக்குக் கீழே பீரங்கி, பக்கவாட்டு மூடி இல்லாமல், குடலெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தது. அந்த மூடியைக் கழற்றியது நாங்கள் படித்துக்கொண்டிருந்த காலத்தில். மறுபடி எதையாவது மாற்ற வேண்டிவரும், இப்போது எதற்கு மாட்டுவது என்று சொல்லிச் சொல்லி, மூடி எங்கே போனது என்றே தெரியாமல் போய்விட்டது. உள்ளே இருக்கிற போர்டு, டிஸ்க், மெமரி எல்லாம் பல தடவை மாறியாயிற்று. ஆனால் அக்கா தன் கோப்புகளையும் அமைப்புகளையும் ஒவ்வொரு டிஸ்கிலிருந்தும் அடுத்ததற்கு அப்படியே குடித்தனம் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். அதனால் உடம்பு புதிதானாலும் அது பழைய பீரங்கிதான்.

அதைப் பார்த்தாலே எனக்கு மனசு இளகிவிடும். அப்பாவின் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய பெட்டி அது. ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியைப் போட்டு லினக்ஸை ஏற்றினோம். டிஸ்க் முழுவதையும் அழிக்கவா என்று அது கேட்டது. அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இரண்டு பேரும் சேர்ந்து ஆமாம் என்று அழுத்தினோம். அதில் அப்பா ஆசை ஆசையாக ஆடிக்கொண்டிருந்த சீட்டாட்டமும் போய்விட்டது. அவர் எங்களோடு பேச்சையே நிறுத்திவிட்டார். லினக்ஸிலும் ஒரு சீட்டாட்டத்தை அக்கா தேடிப்பிடித்து ஏற்றிக் கொடுத்த பிறகுதான், இதில் எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்று வாயைத் திறந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் படித்தது கொஞ்சம், பீரங்கியை அலங்கரித்ததுதான் அதிகம். திரையில் விரிகிற ஜன்னல்களின் ஓரத்துக்கு அவளுக்கு ஊதா வேண்டும், எனக்குப் பச்சை. நான் பச்சையாக்கிவிட்டுக் குளிக்கப் போனால், வருவதற்குள் ஊதாவாகியிருக்கும். ஒரு கட்டத்தில் அவள் அந்த அமைப்புக் கோப்பையே நான் தொட முடியாதபடி பூட்டிவிட்டாள். ஒரு முழு விடுமுறை அதைத் திறப்பதிலேயே போயிற்று. இன்றைக்கு நான் சம்பளம் வாங்குகிற வித்தையில் பாதி அந்த விடுமுறையில் கற்றது.

கமாண்டுகளுக்கெல்லாம் அக்கா வேறு பெயர் சூட்டியிருந்தாள். கோப்பைத் தேடிக் கண்டுபிடிக்கிற கமாண்ட் அத்தை, ஏனென்றால் எங்கள் அத்தை கண்ணுக்குத் தப்பி வீட்டில் எதையும் ஒளிக்க முடியாது. அடங்காத நிரலை ஒரே அடியில் நிறுத்துவது பெரியம்மா. கம்ப்யூட்டரை அணைப்பது சித்தப்பா. அவர் கிளம்புகிறேன், கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று மேற்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார். பீரங்கியும் அணைவதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருந்தது. எந்த நிரல் அதிகமாக மெமரியைத் தின்கிறது என்று காட்டுகிற கமாண்டுக்குத் தம்பி என்று வைத்தாள். அதற்கு நான் போட்ட சண்டை பக்கத்து வீடு வரை கேட்டது. பக்கத்து வீட்டு மாமா ஒருநாள் ஒரு விண்ணப்பம் அடிக்க வந்து, மவுஸும் இல்லாமல், தட்டியது ஒன்றும் வந்தது வேறுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, இதற்குப் பேய் ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் நினைத்துச் சிரித்துக்கொண்டே மேசைக்குப் போனவன், மானிட்டரைப் பார்த்து நின்றேன். தலையில் புதிதாக ஒரு கேமரா உட்கார்ந்திருந்தது. திரை மட்டும் மையிருட்டு. சத்தம் மட்டும்தானே போயிற்று என்றாய், ஸ்க்ரீனும் போயிருக்கிறதே என்று கேட்டேன்.

அக்கா ஹெட்போன் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டாள். "ஆமாமா, அதுவுந்தான்" என்றாள். பிறகு, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் சத்தத்தைக் கொண்டு வா என்றாள்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. இருபது வருஷமாக இதே பிழைப்பாக இருக்கிறவனிடம் எதை முதலில் பார்ப்பது என்று பாடம் எடுக்கிறாளே. திரை இல்லாமல் ஒருத்தி எப்படி வேலை செய்வாள், அதுதான் பெரிய கோளாறு, சத்தம் அதன் வால் பிடித்துப் போயிருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். "முதல்ல படம், அப்புறந்தான் பாட்டு" என்று சொல்லிவிட்டு, என் லேப்டாப்பைப் பீரங்கியோடு இணைத்து உள்ளே நுழைந்தேன்.

உள்ளே எல்லாம் உயிரோடுதான் இருந்தது. பழைய பழக்கத்தில் 'தம்பி' என்று அடித்தேன். வேலை செய்தது. சந்தோஷமாக இருந்தது. அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எவ்வளவு நேரம்டா, எவ்வளவு நேரம்டா என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். சத்தம்டா என்று நடுநடுவே ஞாபகப்படுத்தினாள். இரு, இரு என்று நான் அதட்டினேன்.

திரை ஏன் வரவில்லை என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. அப்டேட் செய்தபோது லினக்ஸின் உட்கருவான கெர்னல் புதிதாக வந்திருக்கிறது. திரையை எரியவைக்கிற டிரைவர் அதற்குத் தகுந்தபடி மாறாமல் பழையதாகவே நின்றுவிட்டது. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை, திரை வரவில்லை. பழகிய நோய், பழகிய மருந்து. இருந்தாலும் எந்த அப்டேட்டில் இது நடந்தது என்று பார்த்துவிடலாம் என்று, கம்ப்யூட்டர் தனக்குத்தானே எழுதிக்கொள்கிற லாகைத் திறந்தேன்.

காலையில் வந்த பிழை அங்கே இருந்தது. நேற்றைக்கும் அதே பிழை இருந்தது. முந்தின நாளும். மேலே தள்ளிக்கொண்டே போனேன். போன மாதத்து அப்டேட் வரைக்கும், பீரங்கி ஒவ்வொரு தடவை எழுந்தபோதும் அதே வரி, திரை வரவில்லை என்று.

இருக்காதே என்று தோன்றியது. அவள் முடித்து அனுப்பியவற்றை வைக்கிற இடத்தைப் பார்த்தேன். அந்த மாதம் முழுக்க வேலை ஒழுங்காகப் போயிருக்கிறது. ஒரு கோப்பைத் திறந்தேன், ஒரு பிழை கிடையாது.

"ஸ்க்ரீன் எப்பக்கா போச்சு?" என்று கேட்டேன்.

"இன்னிக்குக் காலைலதான்டா. சத்தம் போச்சே, அப்பவே."

"லாக்ல போன மாசத்துலேர்ந்து வரலைன்னு இருக்கே."

அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. "போன மாசத்துலேர்ந்தா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள்.

அவளுக்கே அது புதுச் செய்தி. ஒரு மாதமாக அந்தக் கறுப்புக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து நாள் தவறாமல் வேலை பார்த்திருக்கிறாள், அது எரியவில்லை என்று நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரிகிறது. அழுகை வந்தால் அதைக் கோபமாக மாற்றிக்கொள்வது என் வழக்கம். எத்தனை நாளாக இது, யாரிடம் காட்டினாய், என்னிடம் சொல்ல என்ன கேடு என்று கத்தினேன்.

அவள் சத்தம் போடாமல் சொன்னாள். பார்வையின் நடுவில் முதலில் ஒரு புள்ளி மாதிரி மறைத்ததாம். பிறகு அது பெரிதாகிக்கொண்டே போய், இப்போது ஓரத்தில் மட்டும் வெளிச்சம் தெரிகிறதாம். அது ஜன்னல் வெளிச்சமா மானிட்டர் வெளிச்சமா என்று பிரித்துச் சொல்லத் தெரியாதாம். டாக்டர், போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். காதால் சரிபார்த்தால் சுலபமாக இருக்கிறது என்று, அடிக்கிற வரியைக் கம்ப்யூட்டரே படித்துக் காட்டுகிற நிரல் ஒன்றை ஏற்றியிருந்தாளே, அப்போதே தொடங்கியாயிற்றாம். நான் அந்தக் குரலுக்கு ஜலதோஷக்காரன் என்று பெயர் வைத்துக் கேலி செய்தேன். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"விரலுக்குத் தெரியும்டா எல்லாம். அத்தை எங்க, பெரியம்மா எங்கன்னு விரல் தானாப் போகும். வேற எந்தக் கம்ப்யூட்டரைக் குடுத்தாலும் எனக்கு ஒண்ணும் ஓடாது. இத விட்டுட்டு அவ வீட்டுல போய் சும்மா உக்காந்துட்டு என்ன பண்ணுவேன், சொல்லு."

ஊதாவுக்கும் பச்சைக்கும் நாங்கள் அடித்துக்கொண்ட மேசை அது. அங்கே அவள் கண்ணில் அந்த இரண்டு நிறமும் இல்லாமல் போய்விட்டதை நினைக்க எனக்குத் தாங்கவில்லை. மூக்கைச் சிந்திவிட்டுச் சத்தத்தைத் தேட உட்கார்ந்தேன்.

அந்தக் கோளாறு என் கைவரிசையாகவே இருந்தது. ஒரு காலத்தில் பீரங்கிக்கு ஒலி அட்டை ஒன்றே ஒன்றுதான். சத்தத்தை முதல் கருவிக்கு அனுப்பு என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அந்த வரியையும் அக்கா டிஸ்க் மாற்றி டிஸ்க் மாற்றிச் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள். மானிட்டர் தலையில் இருந்த கேமரா, அம்மா முகத்தைத் தினமும் பார்க்க வேண்டும் என்று மகள் வாங்கி அனுப்பியது. வருகிறவள் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நேற்று அக்கா அதைச் செருகியிருக்கிறாள். அதில் மைக் இருந்ததால், காலையில் பீரங்கி எழுந்தபோது அதுவும் ஓர் ஒலிக் கருவி என்று முதல் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. விசாரணையில் பேசியவர்கள் எல்லோரும் காலையிலிருந்து அந்தக் கேமராவிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் காது உண்டு, வாய் கிடையாது.

முதல் கருவி என்பதை எடுத்துவிட்டு, ஒலி அட்டையின் பெயரையே அந்த வரியில் எழுதினேன். ஜலதோஷக்காரன் மூக்கடைத்த குரலில் 'தயார்' என்றான். அக்கா ஹெட்போனைக் காதுக்கு ஏற்றினாள், கால் கீழே மிதியைத் தேடி வைத்துக்கொண்டது. அழுத்தினால் பதிவு ஓடும், விட்டால் நிற்கும். பழைய கீபோர்டு ஒன்றின் வயிற்றைக் கிழித்து, காலிங் பெல் பொத்தானை வைத்து நாங்கள் செய்தது. அதன் பிறகு நான் அந்த அறையில் இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தேன். விரல்கள் நிற்கவில்லை. ஒரு பத்தி முடிந்ததும் ஜலதோஷக்காரன் படிப்பான். தப்பு வந்த இடத்தில் அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு திரும்பிப் போய்த் திருத்துவாள். என் அலுவலகத்தில் மூன்று திரை வைத்துக்கொண்டு முழிக்கிறவர்களை நினைத்துக்கொண்டேன். பெருமையாக இருந்தது, அதே அளவுக்குத் துக்கமாகவும் இருந்தது. வெயில் ஜன்னலை விட்டு இறங்குவதற்குள் கோப்பை அனுப்பிவிட்டாள். கிடைத்தது என்று பதில் வந்ததை ஜலதோஷக்காரன் படித்துச் சொன்னான்.

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். இனிமேல் ஸ்க்ரீனைச் சரிசெய் என்றாள்.

உனக்கு எதற்கு அது என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எனக்கில்லடா. அவ வர்றப்ப அது எரியணும். கறுப்பா இருந்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவா."

எனக்கு மறுபடி ஏறிவிட்டது. பெற்ற பெண்ணிடம் நாடகம் போடுகிறாயா, அதற்கு நான் விளக்குப் பிடிக்க வேண்டுமா என்று குதித்தேன். அவள் வாதாடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேனா இல்லையா, அதை மட்டும் சொல் என்றாள். காப்பாற்றினாள்தான். என் அக்கா என்னிடம் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அன்றும் கெஞ்சவில்லை, ஆனால் குரலில் இருந்தது. டிரைவரைப் புதிய கெர்னலுக்கு ஏற்றபடி மறுபடி உருவாக்கி, பீரங்கியை அணைத்து எழுப்பினேன். திரை எரிந்தது. ஜன்னல் ஓரமெல்லாம் அதே ஊதா. வந்துவிட்டதா என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன். முன்பு அடித்த கோப்பு ஒன்றைத் திறந்து வைக்கச் சொன்னாள். முகத்தை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினால் படிக்கிற மாதிரி இருக்கும் என்று என்னிடமே கேட்டுச் சரிசெய்துகொண்டாள். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான வேலை ஒன்றை நான் செய்ததில்லை.

மகள் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நேராக உள்ளறைக்கு வந்தாள். அக்கா திரைப் பக்கம் திருப்பிய முகத்தை மெல்லத் திருப்பி, அப்போதுதான் பார்க்கிறவள் போல, வாடா கண்ணு என்றாள். வேலை சொன்ன நேரத்துக்குப் போய்விட்டது, மாமாவையே கேள் என்றாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் கீழே குனிந்து பீரங்கிக்குள் எதையோ தேடினேன்.

அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். போன மாதம் ஒரு போட்டோ அனுப்பினேனே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

ஞாபகம் இல்லாமல் என்ன, ரொம்ப அழகாக இருக்கிறது என்று அப்போதே சொன்னேனே என்றாள் அக்கா.

"அதுல ஒண்ணுமே இல்லம்மா. போன் பைக்குள்ள கிடந்து தானா எடுத்தது, முழுக்கக் கறுப்பு. தவறிப்போய் உனக்கு அனுப்பிட்டேன். தப்பா வந்துடுச்சுன்னு சொல்றதுக்குள்ள நீ அழகா இருக்குன்னு சொல்லிட்ட."

அக்கா தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் வா வா என்று அவ்வளவு கூப்பிட்டாயா என்று கேட்டாள்.

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நான் பிடிவாதம் பண்ணினாலாவது சொல்லுவியான்னு பாத்தேன்."

"பெட்டி கட்டணுமா?" என்று அக்கா கேட்டாள். அவ்வளவு சின்னக் குரலை நான் அவளிடம் கேட்டதில்லை.

"எதுக்கு? வேலைதான் சொன்ன நேரத்துக்குப் போயிடுச்சே." மகள் எட்டிக் கையை நீட்டி மானிட்டரின் பொத்தானை அழுத்தினாள். ஊதா மறைந்தது. "எனக்காக இது எரிய வேணாம்மா."

அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் தடவித் தடவி நடமாடியவள், எங்கள் இரண்டு பேர் முன்னாலேயே கையை நீட்டி, காற்றில் துழாவி, மகளின் முகத்தைத் தேடினாள்.